சோபர்ஸா, காலிஸா? மூன்று வேலையையும் செய்த கிரிக்கெட் வீரர்கள் பற்றி

கேள்வி இதுதான்: "புள்ளிவிவரத்தில் பார்த்தால் காலிஸ்தானே முன்னால் நிற்கிறார், பிறகு ஏன் எல்லோரும் சோபர்ஸ்தான் உலகின் சிறந்த ஆல்ரவுண்டர் என்கிறார்கள்? ஆல்ரவுண்டரை எடைபோடும்போது ஃபீல்டிங்கையும் சேர்க்க வேண்டாமா? இப்போது ஆடுபவர்களில் அந்த வரிசையில் யாராவது இருக்கிறார்களா?"

பேட்டிங், பவுலிங் இரண்டிலும் கைதேர்ந்தவரைத்தான் ஆல்ரவுண்டர் என்கிறோம். நேராகவே சொல்லிவிடுகிறேன். சோபர்ஸ்தான். ஃபீல்டிங்கைச் சேர்த்தே ஆக வேண்டும், சேர்த்தாலும் அவர்தான். காலிஸ் அவருக்கு மிக அருகில் நிற்கிறார், பலர் நினைப்பதைவிட அருகில். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளித்தான். ஏன் என்று விளக்க நிறைய இடம் தேவைப்படும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். வெஸ்ட் இண்டீஸின் கார்ஃபீல்ட் சோபர்ஸ் 93 டெஸ்ட், 8032 ரன், சராசரி 57.78, 26 சதம், 235 விக்கெட், பவுலிங் சராசரி 34.03, கேட்ச் 109. தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸ் 166 டெஸ்ட், 13,289 ரன், சராசரி 55.37, 45 சதம், 292 விக்கெட், பவுலிங் சராசரி 32.65, கேட்ச் 200. ஆல்ரவுண்டரை அளக்க ஒரு பழைய முறை உண்டு: பேட்டிங் சராசரியிலிருந்து பவுலிங் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) கழித்துப் பார்ப்பது. அப்படிக் கழித்தால் சோபர்ஸுக்கு 23.75 வருகிறது, காலிஸுக்கு 22.72. அடுத்து வருகிற பாகிஸ்தானின் இம்ரான் கானுக்கு 15-க்குக் கொஞ்சம் கீழே, ஆஸ்திரேலியாவின் கீத் மில்லருக்கு 14. இங்கிலாந்தின் இயன் போத்தமுக்கு 5, நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லிக்கு அதற்கும் சற்றுக் குறைவு, நம் கபில் தேவுக்கு வெறும் 1.4.

இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் கபில் சாதாரண ஆள் என்று ஆகிவிடும், அது அபத்தம். இந்த முறை பேட்ஸ்மேனாக இருந்துகொண்டு பந்தும் போடுகிறவருக்குச் சாதகமானது. 50-க்கு மேல் பேட்டிங் சராசரி வைத்திருப்பவர் சும்மா பத்து ஓவர் போட்டு அவ்வப்போது ஒரு விக்கெட் எடுத்தாலே கணக்கில் உயரப் போய்விடுவார். ஆனால் டெஸ்ட் ஆட்டத்தில் 20 விக்கெட் எடுத்தால்தான் ஜெயிக்க முடியும், அந்தப் பாரத்தை யார் சுமந்தார் என்பது கழித்தலில் தெரியாது. அதனால் நான் பார்ப்பது வேறு ஒரு எண். ஒரு டெஸ்டுக்கு எத்தனை ஓவர் போட்டார்?

காலிஸ் தன் டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் போட்டது 20,232 பந்துகள், அதாவது ஒரு டெஸ்டுக்குச் சுமார் 20 ஓவர். சோபர்ஸ் 93 டெஸ்டில் 21,599 பந்துகள், ஒரு டெஸ்டுக்கு 38 ஓவருக்கும் மேல். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அத்தனை ஓவர் போட்டுவிட்டு வந்து 57.78 சராசரியில் ரன் எடுத்திருக்கிறார் மனுஷன். ஓய்வு பெற்ற 1974-ல் உலகிலேயே அதிக டெஸ்ட் ரன் எடுத்திருந்தவரும் அவர்தான். காலிஸ் ரசிகர்கள் பதிலுக்குச் சொல்வது ஸ்ட்ரைக் ரேட்டை: காலிஸ் 69 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், சோபர்ஸுக்கு 92 பந்து தேவைப்பட்டது. நியாயமான வாதம்தான். ஆனால் காலிஸ் பந்து போட வந்தபோது மறுமுனையில் டொனால்ட், பொல்லாக், நிட்டினி, பிறகு ஸ்டெய்ன், மோர்கல், ஃபிலாண்டர் என்று ஒரு படையே இருந்தது. அவரைக் குறைவான ஓவர்களில், கச்சிதமாக, தேவைப்படும் நேரத்தில் பயன்படுத்த முடிந்தது. சோபர்ஸுக்கு அந்த வசதி இல்லை, அணிக்கு எந்த நேரத்தில் எந்த வகைப் பந்துவீச்சு இல்லையோ அதை அவர்தான் போட்டாக வேண்டும்.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்குப் பலருக்கு இது தெரியாது. சோபர்ஸ் ஒரே ஆளாக மூன்று பவுலர். புதுப்பந்தை இடது கையால் வேகமாகப் போட்டு ஸ்விங் செய்வார். பந்து பழசானதும் விரலால் சுழற்றும் சாதாரண இடதுகைச் சுழல். ஆடுகளம் செத்துக் கிடந்தால் மணிக்கட்டைத் திருப்பிப் போடும் இடதுகைச் சுழலான சைனாமேன், அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளியோடு. 1954-ல் கிங்ஸ்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 17 வயதில் அறிமுகமானபோது அவரைச் சேர்த்ததே சுழற்பந்துக்காகத்தான். 9-வது ஆளாக பேட்டிங் இறங்கினார், 75 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். 9-வதாக இறங்கிய அந்தப் பையன் நான்கு ஆண்டு கழித்து அதே கிங்ஸ்டன் மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 365 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். லென் ஹட்டனின் 364 உடைந்தது. அது அவருடைய முதல் டெஸ்ட் சதம் என்பதுதான் இன்னும் நம்ப முடியாதது. அந்தச் சாதனை 1994-ல் பிரையன் லாரா 375 அடிக்கும் வரை 36 ஆண்டு நின்றது.

வேகப்பந்து எங்கே வளர்ந்தது? இங்கிலாந்தின் ராட்க்ளிஃப் என்ற சின்ன ஊரின் கிளப்புக்கு 1958 முதல் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு ஆடினார். அந்த லீக் கிரிக்கெட்டில் ஒரு அணிக்கு ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரர், மற்றவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். சம்பளம் வாங்குகிறவன் ரன்னும் அடிக்க வேண்டும், புதுப்பந்தும் போட வேண்டும், பழைய பந்தும் போட வேண்டும், கேட்சையும் விடக்கூடாது. எதையும் பாதி செய்ய முடியாத இடம் அது. பிறகு ஆஸ்திரேலியாவில் சவுத் ஆஸ்திரேலியா அணிக்கு ஆடப் போனவர் ஒரே சீசனில் 1000 ரன்னும் 50 விக்கெட்டும் எடுத்தார், அடுத்த சீசனிலும் அதையே திரும்பச் செய்தார்.

அவர் என்ன ஆட்டக்காரர் என்று ஒரே தொடரில் பார்க்க வேண்டுமென்றால் 1966 இங்கிலாந்துத் தொடரைப் பாருங்கள். கேப்டனும் அவரே. 5 டெஸ்டில் 722 ரன், சராசரி 103, 20 விக்கெட், 10 கேட்ச். ஐந்து டாஸையும் ஜெயித்தார் என்பது கூடுதல் தகவல். தொடரை 3-1 என்று வென்றார்கள். லீட்ஸில் 174 அடித்துவிட்டு அதே ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தார்.

ஆனால் எனக்கு அந்தத் தொடரில் மிகப் பெரியதாகத் தோன்றுவது லார்ட்ஸ் டெஸ்ட்தான். முதல் இன்னிங்ஸில் 86 ரன் பின்தங்கிய வெஸ்ட் இண்டீஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 95-க்கு 5. அதாவது கையில் இருந்த முன்னிலை 9 ரன், மிச்சம் 5 விக்கெட். தோல்வி கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது உள்ளே வந்தவர் டேவிட் ஹோல்ஃபோர்ட், சோபர்ஸின் உறவுக்காரர், அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட்தான். இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய பேட்ஸ்மேன்கள் செய்வது தாங்களே ஸ்ட்ரைக்கை வைத்துக்கொண்டு புதியவரைப் பாதுகாப்பது. சோபர்ஸ் அப்படிச் செய்யவில்லை. முதல் ஓவரிலிருந்தே ஹோல்ஃபோர்டுக்கு சிங்கிள் கொடுத்து, அவரையும் ஒரு முழு பேட்ஸ்மேனாக நடத்தினார். இங்கிலாந்து ஃபீல்டர்களைப் பரப்பி வைத்தது, சோபர்ஸ் ஒன்று ஒன்றாக எடுத்துக்கொண்டே போனார். கடைசி வரை அந்த ஜோடியைப் பிரிக்க முடியவில்லை: 274 ரன். சோபர்ஸ் 163, ஹோல்ஃபோர்ட் 105, இருவரும் நாட் அவுட். ஆட்டம் டிரா. ஒருவர் ஆடுவதும் உடன் நிற்பவரை ஆட வைப்பதும் வேறு வேறு திறமை, எந்த ஸ்கோர்கார்டிலும் இரண்டாவதற்குக் கட்டம் கிடையாது.

சென்னைக்காரர்களுக்கும் அவரிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1967 ஜனவரி, சேப்பாக்கம். ஃபரூக் எஞ்சினியர் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் அடித்த அதே டெஸ்ட். கடைசி நாளில் வெஸ்ட் இண்டீஸுக்கு இலக்கு 322. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் மூவரும் பந்து போடுகிறார்கள், 7 விக்கெட் போய்விட்டது, இந்தியா ஜெயித்துவிடும் என்ற நிலை. சோபர்ஸ் ஒரு பக்கம், மறுபக்கம் வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிஃபித். இருவரும் அசையவில்லை. சோபர்ஸ் 74 நாட் அவுட், கிரிஃபித் 40 நாட் அவுட், 270-க்கு 7 என்று ஆட்டம் டிரா ஆனது. முதல் இன்னிங்ஸிலும் 95 அடித்திருந்தார். நம் சுழல் மூவரும் சேர்ந்து, நம் ஊர் மண்ணில், கடைசி நாளில் அவரை அசைக்க முடியவில்லை என்பதே போதும்.

வேகத்துக்கு எதிராக எப்படி என்று கேட்டால் 1972 தொடக்கத்தில் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, பல நாட்டு வீரர்கள் சேர்ந்த உலக லெவன் அணிக்காக அடித்த 254. அதற்கு முந்தைய ஆட்டத்தில் பெர்த்தில் இளம் டென்னிஸ் லில்லி 29 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்து உலக லெவனையே 59-க்குச் சுருட்டினார், சோபர்ஸ் டக், அதாவது பூஜ்யம். மெல்பர்ன் முதல் இன்னிங்ஸிலும் லில்லியிடம் டக். இரண்டாவது இன்னிங்ஸில் அதே லில்லியை நேராகவும் கவர் பக்கமும் பின்காலில் நின்று அடித்து நொறுக்கினார். ஆஸ்திரேலியாவில் தான் பார்த்ததிலேயே சிறந்த இன்னிங்ஸ் என்ற பொருளில் டான் பிராட்மனே அதைப் புகழ்ந்தார். அப்போது சோபர்ஸுக்கு வயது 35.

சரி, காலிஸுக்கு வருவோம். அவரைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெதுவாக ஆடினார், தன் சராசரிக்காக ஆடினார் என்றெல்லாம் சொல்வார்கள். டெஸ்டில் அவருடைய பேட்டிங் ஸ்ட்ரைக் ரேட் 46, அதாவது 100 பந்துக்கு 46 ரன் என்பது உண்மை. ஆனால் அவர் அணியில் இருந்ததால் தென்னாப்பிரிக்காவால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு ஆளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு ஆட முடிந்தது, அந்த வசதி 18 ஆண்டுகள் நீடித்தது. டெஸ்ட், ஒருநாள் இரண்டிலும் தனித்தனியாக 10,000 ரன்னுக்கு மேலும் 250 விக்கெட்டுக்கு மேலும் எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

1997 டிசம்பர் மெல்பர்ன் டெஸ்டின் கடைசி நாள் அவருக்கு வயது 22. ஷேன் வார்ன் உச்சத்தில் இருந்த நேரம், தோல்வியைத் தவிர்க்க நாள் முழுக்க நிற்க வேண்டும். 101 அடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். காலை முன்னால் வைத்தால் முழுசாக வைப்பது, பின்னால் போனால் முழுசாகப் போவது, நடுவில் தொங்கவிடாமல் ஆடுவது. அந்தத் தெளிவு அன்றே அவரிடம் இருந்தது.

2011 ஜனவரியில் கேப்டவுனில் இந்தியாவுக்கு எதிராக ஆடியதை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதல் இன்னிங்ஸில் 161. பிறகு விலாப்பக்கத் தசையில் காயம். இரண்டாவது இன்னிங்ஸில் ஹர்பஜன் பந்து வெடித்துத் திரும்பிக்கொண்டிருக்கிறது, 130-க்கு 6, இந்தியா தென்னாப்பிரிக்க மண்ணில் முதல் தொடர் வெற்றியை நெருங்கிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார் காலிஸ். வலியில் வழக்கமான ஷாட் ஆட முடியாதபோது ஹர்பஜனை ரிவர்ஸ் ஸ்வீப் செய்தார், அவர் சாதாரணமாக ஆடாத ஷாட் அது. 109 நாட் அவுட். ஹர்பஜன் 7 விக்கெட் எடுத்தும் ஆட்டம் டிரா, தொடர் 1-1. இந்திய ரசிகனாக அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய தற்காப்பு ஆட்டம் ஒன்றை இந்தியாவுக்கு எதிராக நான் பார்த்ததில்லை.

பிறகு ஏன் சோபர்ஸ் முன்னால்? காலிஸிடம் இருந்தது ஒரு பேட்டிங், ஒரு பவுலிங், ஒரு ஸ்லிப் (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்கும் இடம்). மூன்றும் உலகத் தரம். சோபர்ஸிடம் பவுலிங்கே மூன்று, அந்த மூன்றையும் காலிஸைவிட இரண்டு மடங்கு ஓவருக்குப் போட்டார், 39 டெஸ்டுக்கு கேப்டனாகவும் இருந்தார், அப்புறம் ஆட்டத்தைத் தன் கையால் வேகமாகத் திருப்பும் அடி அவரிடம் இருந்தது. 1968-ல் ஸ்வான்சியில் மால்கம் நாஷின் ஒரே ஓவரில் 6 சிக்ஸர் அடித்தவர் அல்லவா, முதல்தர கிரிக்கெட்டில் முதன்முதலில். ஐந்தாவது பந்தை எல்லைக்கோட்டருகே பிடித்த ஃபீல்டர் பிடித்தபடியே கோட்டைத் தாண்டி விழுந்ததால் அதுவும் சிக்ஸர் ஆனது.

இனி ஃபீல்டிங். நீங்கள் கேட்ட கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

80-களின் நான்கு பெரிய ஆல்ரவுண்டர்களின் கேட்ச் கணக்கை வரிசையாகப் பாருங்கள். போத்தம் 102 டெஸ்டில் 120. கபில் 131 டெஸ்டில் 64. ஹாட்லி 86 டெஸ்டில் 39. இம்ரான் 88 டெஸ்டில் 28. சராசரியைக் கழித்துப் பார்த்தபோது இம்ரான் எங்கேயோ முன்னால் இருந்தார், போத்தம் பின்னால். கேட்சைச் சேர்த்தால் படம் மாறுகிறது. போத்தம் இரண்டாவது ஸ்லிப்பில் மற்றவர்களைவிட ஓரடி இரண்டடி முன்னால் போய், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிற்பார். எந்தப் பயிற்சியாளரும் அப்படி நிற்கச் சொல்லித்தர மாட்டார். முன்னால் நிற்பதால் மற்றவர்களுக்குத் தரையில் விழுந்துவிடும் பந்தும் அவர் கைக்கு வரும், ஆனால் கையைக் கொண்டுவர நேரம் பாதிதான். பந்து மட்டையில் உரசியதைப் பார்த்த பிறகும் அவரால் முழங்காலிலிருந்து கையை எடுத்துப் பிடிக்க முடிந்தது. அந்த 120 கேட்ச் எத்தனை பவுலர்களின் கணக்கில் விக்கெட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்வதால் இம்ரானைக் குறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகப்பந்து வீச்சாளர் ஓவர் முடிந்ததும் எல்லைக்கோட்டுக்குப் போய் மூச்சு வாங்குவார், கேட்ச் எண்ணிக்கை குறைவது இயல்பு. கடைசிப் பத்தாண்டில் இம்ரான் பேட்டிங்கில் 50-ஐ ஒட்டியும் பவுலிங்கில் 19-ஐ ஒட்டியும் சராசரி வைத்திருந்தார், அது வேறு யாரும் அண்ட முடியாத உயரம். 1983-ல் பைசலாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக 117 ரன்னும் 11 விக்கெட்டும் எடுத்தார். ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்க ஒரே ஒரு ஆளைக் கூப்பிடலாம் என்றால் நான் இம்ரானைத்தான் கூப்பிடுவேன், ஆனால் உங்கள் கேள்வி மூன்று துறையையும் பற்றியது.

கபிலுக்கு 64 கேட்ச்தான், ஆனால் ஒருநாள் ஆட்டத்தில் அவர் பிடித்த ஒன்று எல்லாவற்றையும் ஈடுகட்டிவிட்டது. 1983 ஜூன் 25, லார்ட்ஸ், இந்தியா எடுத்ததே 183. விவியன் ரிச்சர்ட்ஸ் 33-ல் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். மதன்லால் பந்தைத் தூக்கி அடிக்க, மிட்விக்கெட் பக்கம் ஆளில்லாத இடத்துக்குப் பந்து போகிறது. கபில் முதுகை ஆட்டத்துக்குக் காட்டியபடி பின்னோக்கி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தை ஓட்டத்திலேயே பிடித்தார். வெஸ்ட் இண்டீஸ் 140-க்கு ஆல் அவுட். கபிலின் முழுத்திறமையையும் ஒரே டெஸ்டில் பார்க்க விரும்புகிறவர்கள் 1980 ஜனவரி சேப்பாக்கம் டெஸ்டின் ஸ்கோர்கார்டைத் தேடிப் பாருங்கள்: பாகிஸ்தானுக்கு எதிராக 84 ரன், 11 விக்கெட்.

ஃபீல்டிங்கை ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்றால், அதற்குச் சரியான பதிவே இல்லை. கேட்ச் எண்ணிக்கை இருக்கிறது, கோட்டைவிட்ட கேட்ச்களின் கணக்கு பழைய ஆட்டங்களுக்கு இல்லை. தடுத்த ரன்னுக்குக் கணக்கு இல்லை. கவரில் ஒருவர் நிற்கிறார் என்பதற்காகவே பேட்ஸ்மேன் ஓடாமல் விட்ட சிங்கிளுக்குக் கணக்கே போட முடியாது. தென்னாப்பிரிக்காவின் காலின் பிளாண்ட் 1965 லார்ட்ஸ் டெஸ்டில் 91-ல் இருந்த இங்கிலாந்தின் பாரிங்டனை நேரடி எறியில் ரன் அவுட் செய்தார், அதே இன்னிங்ஸில் பார்க்ஸையும். அதற்குப் பிறகு அவர் பக்கம் பந்தைத் தட்டிவிட்டு ஓட யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்? 1975 உலகக் கோப்பை இறுதியில் ரிச்சர்ட்ஸ் பேட்டிங்கில் எடுத்தது 5 ரன்தான், ஆனால் டர்னர், இரண்டு சாப்பல்கள் என மூன்று ஆஸ்திரேலியர்களின் ரன் அவுட்டில் அவர் கை இருந்தது. கோப்பை வெஸ்ட் இண்டீஸுக்கு.

நெருங்கி நின்று பிடிப்பவர்களில் நான் முதலில் சொல்வது ஏக்நாத் சோல்கர். மும்பையில் ஒரு ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகன். 27 டெஸ்டில் 53 கேட்ச். ஹெல்மெட் இல்லாத காலம், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் மட்டையிலிருந்து கைநீட்டும் தூரத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். 1971 ஓவல் டெஸ்ட், இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் 90 அடித்த ஆலன் நாட் வந்திருக்கிறார். நம் வெங்கட்ராகவன் பந்து போட, நாட் முன்காலை நீட்டித் தடுக்க, பந்து மட்டையிலும் காலுறையிலும் பட்டு மெல்ல எழும்புகிறது. சோல்கர் முன்னால் பாய்ந்து, உடம்பு முழுக்கத் தரையில் நீண்டு கிடக்க, புல்லுக்குச் சில அங்குலம் மேலே பந்தைப் பிடித்துவிட்டார். அந்த இன்னிங்ஸில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள், இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது, இந்தியா அந்த மண்ணில் முதல் தொடரை வென்றது. சந்திராவின் வேகமான கூக்ளிக்கு பேட்ஸ்மேன்கள் முன்காலில் போகத் தயங்கியதற்கு, கைக்கெட்டும் தூரத்தில் சோல்கர் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம். சுழற்பந்து வீச்சாளர் போடுவது பாதி வேலைதான், மீதியை ஷார்ட் லெக்கில் இருப்பவர் முடிக்க வேண்டும். இலங்கையில் மஹேல ஜெயவர்தன ஸ்லிப்பில் நின்று முரளிதரன் பந்தில் மட்டும் 77 கேட்ச் பிடித்தார். முரளியின் 800 விக்கெட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அது.

ஜான்டி ரோட்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1992 உலகக் கோப்பை, பிரிஸ்பேன். பாகிஸ்தானின் இன்சமாம் 48-ல் இருக்கிறார், பந்து காலில் பட்டு உருள்கிறது, ஓடி வருகிறார், மறுமுனையிலிருந்த இம்ரான் திருப்பி அனுப்புகிறார். பாயிண்டிலிருந்து பந்தை எடுத்த ரோட்ஸ் எறியவில்லை. எறிந்தால் ஸ்டம்பில் படலாம், படாமலும் போகலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி, கடைசி இரண்டு கெஜத்தை உடம்போடு பறந்து மூன்று ஸ்டம்பையும் சாய்த்தார். அந்த ஒரு படத்தைப் பார்த்து உலகம் முழுக்க ஒரு தலைமுறைப் பையன்கள் பாயிண்டில் நிற்க ஆசைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஒரே ஒருநாள் ஆட்டத்தில் 5 கேட்ச். இருந்தாலும் ஒரு விஷயம், ரோட்ஸ் ஃபீல்டிங்குக்காக மட்டும் அணியில் இருந்தார் என்பது தவறு. டெஸ்டில் அவர் சராசரி 35-க்கு மேல்.

இதையெல்லாம் மனதில் வைத்து சோபர்ஸைத் திரும்பப் பாருங்கள். லான்ஸ் கிப்ஸ் ஆஃப் ஸ்பின் போடும்போது லெக் பக்கம் மட்டைக்கு மிக அருகில், வேகப்பந்துக்கு ஸ்லிப்பில், தேவைப்பட்டால் கவரில். 93 டெஸ்டில் 109 கேட்ச், ஆட்டத்துக்கு 1.17. காலிஸ் 1.20. கேட்ச் எண்ணிக்கையில் இருவரும் சமம்தான். வித்தியாசம் என்னவென்றால் காலிஸ் பெரும்பாலும் இரண்டாவது ஸ்லிப்பில், பெரிய கைகளோடு, அவசரமே இல்லாமல் பிடித்தார். சோபர்ஸ் 38 ஓவர் போட்டுக் களைத்த உடம்போடு, ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் குனிந்து நின்றார்.

பெண்கள் கிரிக்கெட்டில் எலிஸ் பெர்ரியை இந்தப் பேச்சில் சேர்க்காவிட்டால் அநியாயம். 16 வயதில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடத் தொடங்கியவர், 2017-ல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 213 நாட் அவுட், 2019-ல் அதே இங்கிலாந்துக்கு எதிராக ஒருநாள் ஆட்டத்தில் 22 ரன்னுக்கு 7 விக்கெட். கால்பந்திலும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடி 2011 உலகக் கோப்பையில் கோல் அடித்தவர். எல்லைக்கோட்டில் அவர் பாய்ந்து தடுப்பதைப் பார்த்தால் அந்தக் கால்பந்துக் கால்கள் எதற்கு உதவின என்று புரியும்.

இப்போது ஆடுபவர்கள் பற்றிய கடைசிக் கேள்வி. இரண்டு பேர். பென் ஸ்டோக்ஸ், ரவீந்திர ஜடேஜா.

ஸ்டோக்ஸ் 2024-ல் டெஸ்டில் 200 விக்கெட்டைத் தொட்டபோது, 6000 ரன்னும் 200 விக்கெட்டும் எடுத்த மூன்றாவது ஆள் ஆனார். முதல் இருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. 2019 ஹெடிங்லியில் அவர் அடித்த 135-ஐ எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் 2015 ட்ரென்ட் பிரிட்ஜ் டெஸ்டைச் சொல்வேன். ஸ்டூவர்ட் பிராட் 15 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியா 60-க்கு ஆல் அவுட் ஆன காலை அது. வோஜஸ் உரசிய பந்து ஐந்தாவது ஸ்லிப்பில் நின்ற ஸ்டோக்ஸைத் தாண்டிப் போய்விட்டது. அவர் வலப்பக்கம் பாய்ந்து, கை உடம்புக்குப் பின்னால் நீண்டிருக்க, ஒற்றைக் கையில் பிடித்தார். பிராட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற படம் அந்த நொடியில் எடுத்ததுதான். இரண்டாவது இன்னிங்ஸில் ஸ்டோக்ஸ் 36 ரன்னுக்கு 6 விக்கெட்.

ஜடேஜாவுக்கு 3000 ரன், 300 விக்கெட் எப்போதோ ஆகிவிட்டது. சோபர்ஸ், காலிஸ் போல அவர் மேல்வரிசை பேட்ஸ்மேன் இல்லை, அதனால் அந்த இருவரோடு சமமாக வைக்க மாட்டேன். ஆனால் ஃபீல்டிங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்தக் கட்டுரையில் பெயர் வந்த ஆல்ரவுண்டர்கள் எல்லோரையும்விட அவர் மேல் என்றே நினைக்கிறேன். 2021 ஜனவரி, சிட்னி. 4 விக்கெட் எடுத்து முடித்திருந்தார். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 131-ல், கடைசி விக்கெட், ஸ்ட்ரைக்கைத் தக்கவைக்க இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடுகிறார். எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து ஓடிவந்த ஜடேஜா பந்தை எடுத்து ஒரே வீச்சில் எறிகிறார், அவர் நின்ற கோணத்தில் குறிபார்க்க ஏறக்குறைய ஒரே ஒரு ஸ்டம்ப்தான். நேராக அதில் பட்டது. அதே டெஸ்டில் பேட்டிங் செய்யும்போது ஸ்டார்க் பந்து பட்டு அவர் கட்டைவிரல் உடைந்தது. கடைசி நாளில், உடைந்த விரலோடு பேட் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். விஹாரியும் அஸ்வினும் நின்றுவிட்டதால் அவர் இறங்க வேண்டிய தேவை வரவில்லை.